விட்டவர்களும் விடாதவர்களும்

குதிரை வாங்கக் கொடுத்த அரசாங்கப் பணத்தை எடுத்துக் கோயில் கட்டினால் அதற்கு என்ன பெயர்? தணிக்கை அதிகாரி கையாடல் என்பார். சைவ மரபோ அதைச் செய்தவரை மாணிக்கவாசகர் என்று அழைத்து, நால்வரில் ஒருவராக வைத்துக் கும்பிடுகிறது. மதுரைக்குப் பக்கத்துத் திருவாதவூரில் பிறந்தவர், பாண்டியனின் அமைச்சர், தென்னவன் பிரமராயன் என்று பட்டம் வாங்கியவர். கீழைக் கடற்கரையில் நல்ல குதிரைகள் வந்து இறங்கியிருக்கின்றன என்று கேள்விப்பட்ட அரசன், பொன்னைக் கொடுத்து அவரை அனுப்புகிறான். போகிற வழியில் திருப்பெருந்துறை, அதாவது இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில். அங்கே குருந்த மரத்தடியில் ஒரு குருவைக் காண்கிறார். அத்தோடு குதிரை நினைப்பும் போயிற்று, பதவி நினைப்பும் போயிற்று. பொன் முழுவதும் திருப்பணிக்கும் அடியார்களுக்கும் செலவாயிற்று.

பிறகு நடந்ததைப் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் சுவையாகச் சொல்கிறது. அரசன் கணக்குக் கேட்கிறான். நரிகள் பரிகளாகி வந்து சேர்கின்றன. இரவில் மறுபடி நரிகளாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன. அமைச்சரை வைகையின் சுடுமணலில் நிறுத்துகிறார்கள். வைகை கரையை உடைக்கிறது. உடைப்பை அடைக்க ஊரார் ஆளுக்கொரு பங்கு கரை போட வேண்டும் என்று உத்தரவு. பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவி வந்திக்கு ஆள் கிடையாது. அவள் பங்குக்குச் சொக்கநாதரே கூடை தூக்கி வருகிறார். கூலி, உதிர்ந்த பிட்டு. வந்தவர் வேலையை ஒழுங்காகச் செய்தாரா என்றால் அதுவும் இல்லை. தின்றார், ஆடினார், படுத்துத் தூங்கினார். பிரம்படி விழுந்தது, அடி எல்லார் முதுகிலும் பட்டது. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இந்தப் பிட்டுக் கதையை இன்றும் ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள்.

பக்தியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வரவு செலவை மட்டும் பார்த்தால், ஓர் ஆள் வேலையை விட்டதற்குக் கருவூலம் காலியானது, குதிரைகள் செத்தன, ஊர் வெள்ளத்தில் மிதந்தது, ஒரு கிழவி தலையில் கரைப்பங்கு விழுந்தது, கடவுள் கூலியாளானார். புராணம் இதில் எதையும் மறைக்கவில்லை. உள்ளம் அழைத்த பக்கம் ஒருவர் போய்விட்டால், அவர் இறக்கி வைத்ததை வேறு யாரோ தூக்குகிறார்கள் என்று அது கணக்கோடு சொல்கிறது. வேலை மாறி நிம்மதி கண்டவர்களைப் பற்றி இப்போது வரும் பேட்டிகளில் இந்தக் கணக்கு அநேகமாக இருப்பதில்லை.

வேலையை விட்டுவிடலாமா என்ற எண்ணம் இன்று யாருக்குத்தான் வரவில்லை? இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023இல் சொன்னார். எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியனின் 90 மணி நேரப் பேச்சு 2025 ஜனவரியில் வெளியே வந்தது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட மதிப்பீடோ வேறொன்றைச் சொல்கிறது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததன் விளைவாகப் பக்கவாதத்திலும் இதய நோயிலும் இறந்தவர்கள் 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 7,45,000 பேர். வேலையில் எரிந்து தீர்ந்துபோகும் நிலையை, அதாவது ‘பர்ன்-அவுட்’டை, சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் சேர்த்தது. அதை நோய் என்று சொல்லாமல், வேலையிடம் சார்ந்த நிகழ்வு என்று வகைப்படுத்தியது.

ஆள் சரியில்லையா, வேலை சரியில்லையா என்ற கேள்விக்கு மருத்துவம் இப்படிப் பாதி பதில் சொல்லிவிட்டது. மீதிப் பாதி சமயங்களின் பழைய வழக்கு. வாழ்வின் பயன் என்பது செய்யும் தொழிலில் இருக்கிறதா, செய்கிறவரிடம் இருக்கிறதா? தொழிலில் என்றால் தொழிலை மாற்ற வேண்டும். செய்கிறவரிடம் என்றால், எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அதே ஆள்தான் அங்கேயும் போய் உட்காரப்போகிறார்.

பெரியபுராணத்தைத் துறவிகளின் வரலாறு என்று நினைத்துத் திறப்பவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. அதிலுள்ள தனியடியார் 63 பேரில் பெரும்பாலானோர் தொழிலை விடவே இல்லை. தில்லைத் திருநீலகண்டர் குயவர். பானை வனைந்து விற்றார், அடியார்களுக்குத் திருவோடு கொடுத்தார். காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்டர் துணி வெளுப்பவர். அடியார் துணியை வெளுத்துக் கொடுத்ததே அவர் செய்த வழிபாடு. நேசர் தறியில் உட்கார்ந்தவர். திருவொற்றியூர்க் கலியர் எண்ணெய் வணிகர். கோயில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றியே சொத்து கரைந்ததும் மற்றவர் செக்கில் கூலிக்கு நின்று விளக்கெரித்தார். நாகப்பட்டினத்து அதிபத்தர் மீனவர். பிடிக்கும் மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். ஒரே ஒரு மீன் அகப்பட்ட நாட்களிலும் விட்டார். வீட்டில் பட்டினி கிடந்தபோது பொன்மீன் ஒன்று வலையில் விழுந்தது, அதையும் விட்டார்.

அதிபத்தருக்கு மனநிறைவு தரும் மாற்றுத் தொழில் எதுவும் தேவைப்படவில்லை. தன் தொழிலுக்குள்ளேயே ஒரு சின்ன விதியை வைத்துக்கொண்டார். மீன்பாடு எவ்வளவு குறைந்தாலும் அந்த விதியை மட்டும் தளர்த்தவில்லை. இந்த அடியார்களைப் பாடிய சேக்கிழாரும் சோழ அரசில் அமைச்சர் பொறுப்பு வகித்தவர் என்பது மரபு. ஆட்சிக் கணக்கு வழக்குகள் தெரிந்த ஒருவர், குயவரையும் வண்ணாரையும் செக்குக் கூலியையும் அவரவர் தொழிற்கருவியோடே வைத்துக் காவியம் செய்திருக்கிறார்.

விட்டவரும் அதே நூலில் உண்டு. சிறுத்தொண்டர், பரஞ்சோதி என்ற பெயரில் யானையும் குதிரையும் செலுத்தப் பயின்ற படைத்தலைவர். வாதாபியை அழித்துப் பொற்குவியலோடு திரும்பியவர். நரசிம்மவர்ம பல்லவன் காலத்தில், 642ஐ ஒட்டி நடந்த சாளுக்கியப் போர் அது என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். வென்று வந்தவர் சிவனடியார் என்று அமைச்சர்கள் சொல்லத்தான் அரசனுக்குத் தெரிகிறது. தெரிந்ததும் அவன் நடுங்குகிறான். ஓர் அடியாரைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்டு, பெரும்பொருள் கொடுத்துப் பணியிலிருந்து விடுவிக்கிறான். பானை வனைவதற்கும் அடியாராக இருப்பதற்கும் முரண்பாடு இல்லை. வேற்றூரைக் கொளுத்துவதற்கும் அடியாராக இருப்பதற்கும் இடையே ஏதோ உறுத்துகிறது என்பதை இந்தக் கதையில் அரசனே உணர்ந்துகொள்கிறான்.

குருக்ஷேத்திரத்தில் அந்த உறுத்தல் போர் தொடங்குமுன்பே வந்துவிடுகிறது. ஒருவகையில் பார்த்தால் பகவத் கீதையே, பணியிடத்துக்கு வந்து நின்றபின் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொன்ன ஒருவனுக்குக் கொடுத்த பதில்தான். குருமார்களைக் கொல்வதைவிடப் பிச்சை எடுத்துச் சாப்பிடுவது மேல் என்கிறான் அர்ச்சுனன். கண்ணன் அதை ஏற்கவில்லை. மற்றவன் கடமையைத் திறம்படச் செய்வதைவிடத் தன் கடமையைக் குறையோடு செய்வதே நல்லது என்ற கருத்து மூன்றாம் அத்தியாயத்திலும் பதினெட்டாம் அத்தியாயத்திலும் வருகிறது. கீதை பேசும் சமநிலை மணிக்கணக்கில் அளக்கக்கூடியதும் அல்ல. வெற்றி தோல்வி இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் மனத்தை, இரண்டாம் அத்தியாயம் யோகம் என்கிறது. வேலையை மாற்றாதே, வேலையின் பலனோடு உனக்குள்ள உறவை மாற்று என்பது அதன் வழி.

அலுவலகத்தில் பதவி உயர்வு கிடைக்காமல் நொந்துபோன ஒருவருக்கு இந்த மருந்து வேலை செய்யக்கூடும். சிக்கல், தன் கடமை எது என்பதை யார் முடிவு செய்வது என்ற இடத்தில் வருகிறது. அதே பதினெட்டாம் அத்தியாயம் நான்கு வருணங்களுக்கும் தொழிலைப் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் அவரவர் தொழிலில் நிற்கச் சொல்கிறது. பிறந்த வீட்டை வைத்துத் தொழிலை ஒதுக்கிவிட்டு, அதிலேயே நிறைவு காண் என்றால் அதற்குப் பொருளே வேறு. பெரியபுராணத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. ஆதனூர்த் திருநாளைப்போவார், நந்தனார், கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவர். குயவரைப் போலவே அவரும் தன் தொழிலைத் தொண்டாக்கியவர்தான். குயவருக்குக் கோயில் வாசலில் நெருப்பு இல்லை. நந்தனாருக்கு இருந்தது. அதில் மூழ்கி எழுந்த பிறகே தில்லைக் கூத்தனை அருகில் போய்ப் பார்க்க முடிந்தது.

இந்த வழக்கு தமிழ்நாட்டில் ஒருமுறை வீதிக்கே வந்தது. முதலமைச்சர் ராஜாஜி 1953இல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தார். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். பள்ளிக்கூடங்கள் போதவில்லை, ஆசிரியர்கள் போதவில்லை, உடலுழைப்புக்கு மதிப்பு வர வேண்டும் என்றெல்லாம் காரணங்கள் சொல்லப்பட்டன. எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். பெரியார் மாநிலம் முழுவதும் போராட்டம் நடத்தினார். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் போயிற்று. செருப்புத் தைப்பது கேவலம் என்று அன்று யாரும் போராடவில்லை. செருப்புத் தைப்பவர் மகன் அதையேதான் தைக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

அம்பேத்கர் இதற்கு முன்பே 1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் இதன் பொருளாதாரத்தைப் பிரித்துக் காட்டியிருந்தார். சாதி வேலையைப் பகிர்ந்து கொடுக்கும் முறை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே அடுக்கடுக்காகப் பிரிக்கும் முறை என்பது அவர் வாதம். தொழிலுக்குத் தொழில் நகர்ந்து போக விடாததால் அது வேலையின்மைக்கும் நேரடிக் காரணமாகிறது என்றார். விருப்பமில்லாத வேலையில் மாட்டிக்கொண்டவர் எப்படி மனம் ஒன்றி உழைப்பார் என்றும் கேட்டார். ஆக, இன்று வேலை மாறும் இளைஞர் சொகுசு தேடுகிறார் என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்ளும்போது ஒன்றை நினைவில் வைப்பது நல்லது. அந்த இளைஞர் கையிலிருக்கும் சுதந்திரம், அவர் தாத்தாவுக்குப் பலமுறை மறுக்கப்பட்ட ஒன்றாக இருக்கலாம்.

புத்தர் இதே கேள்வியைத் தொழிலின் பக்கத்திலிருந்து பார்த்தார். எந்தத் தொழிலையும் நல்ல மனத்தோடு செய்தால் போதும் என்று அவர் சொல்லவில்லை. இல்லறத்தார் விலக்க வேண்டிய வாணிபங்கள் ஐந்து என்று அங்குத்தர நிகாயம் பட்டியல் தருகிறது: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. இவற்றை விற்பவர் மனத்தைத் திருத்திக்கொண்டால் போதாது, கடையை மூட வேண்டும். அதே புத்தர், துறவு என்ற வேலை மாற்றத்தைத் தானாகவே உயர்ந்தது என்று விட்டுவிடவும் இல்லை. உழுது விதைத்துச் சாப்பிடுகிறேன், நீங்களும் அப்படிச் சாப்பிடலாமே என்று மகத நாட்டு வேளாண் அந்தணர் பாரத்வாஜர் அவரை முகத்துக்கு நேரே கேட்ட கதை சுத்த நிபாதத்தில் இருக்கிறது. தாமும் உழுபவரே என்று புத்தர் சொன்ன பதில் புகழ்பெற்றது. கேட்டவரின் கேள்வியையும் தொகுப்பு அழிக்காமல் வைத்திருப்பது அதைவிடக் கவனிக்கத் தக்கது.

துறவிலும் ஆள் தீர்ந்துபோவதுண்டு. செல்வர் வீட்டுப் பிள்ளை சோணர் துறவியாகி, நடந்து நடந்தே தியானம் செய்ததில் பாதம் கிழிந்து ரத்தம் கொட்டிற்று. பலன் ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் சொத்து இருக்கிறது, திரும்பிப் போய்த் தானதருமம் செய்து வாழலாமே என்று யோசிக்கத் தொடங்கினார். புத்தர் வந்து, முன்பு நீ வீணை வாசித்தவன் அல்லவா என்று கேட்டார். நரம்பை அளவுக்கு மேல் முறுக்கினாலும் சுரம் வராது, தளரவிட்டாலும் வராது. ஆக, சோணர் தவித்த இடம் பழைய வாழ்க்கையும் இல்லை, புதிய வாழ்க்கையும் இல்லை. எதையும் உச்சிக்கே முறுக்கும் பழக்கத்தை அவர் மூட்டையோடு மடத்துக்கும் எடுத்து வந்திருந்தார்.

பாரசீகத்து அறிஞர் கஸ்ஸாலியின் கதை இன்னும் சிக்கலானது. பாக்தாதின் நிஸாமிய்யா கல்விக்கூடத்துக்கு 1091இல் அவர் தலைமைப் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். இஸ்லாமிய உலகில் அதைவிடப் பெரிய ஆசிரியப் பதவி அன்று அரிது. நான்கே ஆண்டில், 1095இல், வகுப்பில் நின்றவருக்கு நாக்கு எழவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. மருத்துவர்கள் உடம்பில் நோய் இல்லை, மனத்தில் இருக்கிறது என்று கைவிரித்தார்கள். போவதா நிற்பதா என்று சுமார் ஆறு மாதம் ஊசலாடியதைத் தன் வாழ்க்கைக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். கடவுளுக்காகக் கற்பிக்கிறோம் என்று நினைத்தது பொய், பேருக்காகத்தான் கற்பித்தோம் என்பதே அவர் கண்ட நோய்க்கூறு. குடும்பத்துக்கு வேண்டியதை ஒதுக்கி வைத்துவிட்டு மீதியைக் கொடுத்தார். மெக்காவுக்குப் போகிறேன் என்று ஊராரிடம் சொல்லிவிட்டு டமாஸ்கஸ் போனார். ஜெருசலேம், ஹெப்ரோன், மெக்கா என்று சுற்றி, சொந்த ஊரான தூசில் ஒதுங்கினார்.

பதினோரு ஆண்டு கழித்து, 1106இல், நிஷாபூர் நிஸாமிய்யாவில் மறுபடி பாடம் நடத்தப் போனார்.

அதே வேலை, அதே பாடம். ஆனால் இது திரும்பி வந்ததாகாது என்பது அவர் கட்சி. முன்பு புகழைத் தேடித் தரும் அறிவைக் கற்பித்தேன், இப்போது புகழை விடச் செய்யும் அறிவைக் கற்பிக்கிறேன் என்ற பொருளில் எழுதுகிறார். தன்னால் அதை நிச்சயமாகச் சொல்ல முடியுமா என்ற ஐயத்தையும் ஒளிக்காமல் வைக்கிறார். கீதையின் வாதத்தைக் கஸ்ஸாலி ஒத்துக்கொள்வார் போலத் தோன்றும்: மாற வேண்டியது வேலை அல்ல, ஆள். அந்த ஆளை மாற்றிக்கொள்ள அவர் வேலையை விட்டுப் பதினோரு ஆண்டு விலகி நிற்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி வாழ்க்கையில் இது வேறு விதமாக நடந்தது. மருத்துவம் படித்து மலாயாவுக்குப் போய், தோட்டத் தொழிலாளர் மருத்துவமனையில் பத்தாண்டு வேலை பார்த்தார். 1923இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, 1924இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டார். சுவாமி சிவானந்தர் அவர்தான். மருத்துவம் அவரை விடவில்லை. லட்சுமண் ஜூலாவில் சாதுக்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் இலவச மருந்தகம் நடத்தினார். பிறகு தெய்வீக வாழ்க்கைச் சங்கம், இருநூறுக்கு மேற்பட்ட நூல்கள். மலாயாவில் பார்த்ததைவிடக் குறைவாகவா ரிஷிகேசத்தில் வேலை பார்த்தார் என்று கேட்டால், நிச்சயமாக இல்லை.

மதுரை டாக்டர் கோ. வெங்கடசாமிக்கு வேலை மாற்றத்தை உடம்பு கட்டாயமாக்கியது. உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைச் சிறுவயதில் பார்த்தவர். மகப்பேறு மருத்துவராக விரும்பினார். ராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது வந்த முடக்குவாதம் கைவிரல்களைக் கோணலாக்கிவிட்டது. அந்தக் கனவு முடிந்தது. கண் மருத்துவத்துக்கு மாறி, கோணிய விரல்களுக்கேற்ப அறுவைக் கருவியைப் பிடிக்கப் பழகினார். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற 1976இல், 58 வயதில், மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஸ்ரீ அரவிந்தரின் வழியில் ஈடுபாடு கொண்டவர்; மெக்டொனால்ட்ஸ் கடைகள் ஒரே தரத்தில் ஆயிரக்கணக்கானோருக்குப் பரிமாறும் முறையையும் வியந்தவர். இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொள்ள அவரால் முடிந்தது. காசு கொடுப்பவர் கட்டணத்தில் கொடுக்க முடியாதவருக்கும் கண்புரை நீக்கும் ஏற்பாடு அப்படித்தான் வளர்ந்தது.

கோ. நம்மாழ்வார் துறையை மாற்றவில்லை, இடத்தை மாற்றினார். வேளாண்மை படித்து கோவில்பட்டி மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தவர், சில ஆண்டுகளில் வெளியேறினார். மானாவாரி விவசாயிகளால் வாங்கவே முடியாத இடுபொருட்களை வைத்து அவர்களுக்காக ஆராய்ச்சி நடப்பது அவருக்குப் பொருந்தவில்லை. அவர் விட்டது அரசு வேலையை மட்டும்தான். 2013 டிசம்பரில் இறக்கும்வரை நிலத்தையும் விவசாயியையும் விட்டு அவர் ஓரடி நகரவில்லை.

மூவரையும் அருகருகே வைத்தால் ஒன்று தெரிகிறது. பயனுள்ள வாழ்வு வேண்டும் என்பதும், ஓய்வும் அமைதியும் வேண்டும் என்பதும் இரண்டு வெவ்வேறு ஆசைகள். இரண்டும் சில நேரம் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். முதல் ஆசை நிறைவேறியவர்கள் பெரும்பாலும் முன்பைவிட அதிகம் உழைத்திருக்கிறார்கள். வேலையை மாற்ற நினைப்பவர் தமக்கு வேண்டியது இதில் எது என்று தெரிந்துகொள்ளாமல் கிளம்பினால் இடறுவார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு இருக்க வேண்டும் என்பவருக்கு இயற்கை விவசாயம் தீர்வாகாது. பயிருக்கு ஞாயிறு கிடையாது. அவருக்கு வேண்டியது வேலை நேரச் சட்டமும் அதை மதிக்கும் மேலாளரும். அதை ஆன்மிகத் தேடல் என்று சொல்லிக் கொடுத்து அனுப்பினால் முதலாளிகளுக்குத்தான் லாபம்.

உயர்ந்த வேலை என்று ஊர் நினைப்பதற்கு மாறியவர்கள் எல்லாரும் அங்கே உயர்ந்துவிடவும் இல்லை. தத்துவ உலகில் லுட்விக் விட்கென்ஸ்டைனைப் போல வேலை மாறியவர் குறைவு. பொறியியல் படித்தார், தத்துவத்துக்கு வந்தார், முதல் உலகப் போர் முடிந்ததும் பெரும் சொத்தை உடன்பிறந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, 1920இல் ஆஸ்திரிய மலைக்கிராமத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியரானார். எளிய மக்களோடு எளிய வேலை, டால்ஸ்டாயைப் படித்த பாதிப்பு. கணக்கு வராத பிள்ளைகளை அடித்தார். 1926இல் அவர் தலையில் அடித்த சிறுவன் ஒருவன் மயங்கி விழ, வேலையை விட்டார். பிறகு ஒரு மடத்தில் தோட்ட வேலை, தமக்கைக்காக வியன்னாவில் வீடு வடிவமைக்கும் வேலை, 1929இல் மறுபடி கேம்பிரிட்ஜ். இரண்டாம் உலகப் போரின்போது பேராசிரியர் பதவியை வைத்துவிட்டு லண்டன் மருத்துவமனையில் சுமையாளாகவும் நின்றார். அவருக்கு எளிய வாழ்வின் மேல் இருந்த மரியாதை உண்மையானது. அந்த மரியாதையின் விலையைக் கொடுத்தவர்களில் கிராமத்துப் பிள்ளைகளும் உண்டு.

தொழிலில் பயன் இல்லை, மனத்தில்தான் என்று முடித்துவிட்டால் ஐந்து வாணிபப் பட்டியலுக்கும் சிறுத்தொண்டரின் அரசனுக்கும் பதில் சொல்ல முடியாது. தொழிலில்தான் என்றால் அதிபத்தர் புரியாமல் போவார். இரு தரப்பும் ஓர் இடத்தில் ஒத்துப்போகின்றன. குயவரின் சக்கரம் வழிபாடாவதற்கு முன்னால், வேண்டாம் என்றால் அவர் அதை விட்டு எழுந்து போக முடிய வேண்டும். எழுந்து போக முடியாதவரிடம் கடமையின் மகிமையைப் பேசுவதற்கு எந்தச் சமயத்துக்கும் உரிமை இல்லை.

இந்தியாவில் இதன் கடைசிச் சோதனை மலக்குழிதான். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம் வந்தது. அது போதாமல் 2013இல் இன்னொன்று. கோலார் தங்கவயலில் அந்த வேலை செய்த குடும்பத்தில் பிறந்த பெஜவாடா வில்சனும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலனும் நடத்திய நெடும் போராட்டம் இதன் பின்னால் உண்டு. வில்சனுக்கு 2016இல் மகசேசே விருது கிடைத்தது. இந்த வேலையைச் சேவையாகவும் தவமாகவும் உயர்த்திப் பேசிய பெரியவர்கள் நம்மிடையே உண்டு. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அப்படி எதுவும் பேசவில்லை. ஒருமுறை ரொக்க உதவி, பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை, வீட்டுமனை அல்லது வீடு, குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 3,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகையோடு தொழிற்பயிற்சி, மாற்றுத் தொழில் தொடங்க மானியமும் குறைந்த வட்டிக் கடனும் என்று வரிசையாகச் சொல்கிறது. வேலை மாறுவது பற்றி இந்த நாட்டில் எழுதப்பட்டவற்றில், மாறுவதற்கான செலவை யார் தர வேண்டும் என்று தெளிவாகச் சொல்லும் ஆவணங்களில் அது ஒன்று. சாக்கடைக் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்த வேண்டி வந்தது.